வழக்கொழிந்த குறிகளும் ஆவணத் தூய்மையும்

நூலுக்கு உடலும் உண்டு, உடையும் உண்டு. நூல் கூறும் பொருளும், அப்பொருள் அத்தியாயம், தலைப்பு, பந்தி என அமைந்து கிடக்கும் ஒழுங்கும் அதன் உடல். எழுத்தின் பருமன், சாய்வு, நிறம், வரியின் அகலம் என்பன அதன் உடை. அச்சிட்ட தாளில் இவ்விரண்டும் ஒன்றாகப் பதிந்துவிடுகின்றன. அவற்றைப் பிரித்தறியவேண்டிய தேவை வாசகனுக்கு இல்லை. கணினியில் வாழும் ஆவணத்தின் நிலையோ வேறு. அது ஒருநாள் மேசைக் கணினியிலும், மறுநாள் கைப்பேசியிலும், பிறிதொருநாள் கட்புலனற்றோருக்கு உரக்க வாசித்துக் காட்டும் கருவியிலும் தோன்றவேண்டியதாகின்றது. உடல் நிலைக்கவேண்டுமாயின் உடை மாறவேண்டும். மாறவேண்டிய உடை உடலோடு ஒட்டிப்போயிருந்தால் என் செய்வது? தோல் உரியாமல் அதனைக் களைவது எங்ஙனம்? அறுபது ஆண்டுகளாக ஆவணப் பணியாளரை எதிர்நோக்கிவரும் இவ்வினாவின் வரலாற்றையே, நேயர்களே, ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இதன் தோற்றுவாய் அச்சுக்கூடத்தில் உள்ளது. கையெழுத்துப் பிரதி அச்சுக் கோப்போனிடம் செல்வதற்கு முன்னர், பதிப்பாசிரியர் அதன் ஓரங்களிற் குறிகள் இடுவார். இச்சொல் சாய்வெழுத்தில் வரட்டும், இத்தலைப்பு வரியின் நடுவில் நிற்கட்டும், இவ்விடத்தில் ஒரு வரி வெறுமையாக இருக்கட்டும் என்பன அக்குறிகளின் பொருள். அவை வாசகனுக்கு உரியவை அல்ல. தொழிலாளிக்கு உரிய ஏவல்கள். நூல் அச்சாகி வெளிவந்ததும் அக்குறிகளின் பணி முடிந்துவிடும். குறி இட்டவரும் மறப்பார், குறியைக் கண்டவரும் மறப்பார். பழைய குறிகளாற் பிற்காலத்தார்க்குத் தொல்லை எதுவும் விளைந்ததில்லை.

கணினி வந்தபோது இந்த வழக்கமும் அதனுள் நுழைந்தது. 1964ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஜெரோம் சோல்ற்சர் என்பார் ‘ரன்ஓஃப்’ என்னும் செய்நிரலை ஆக்கினார். ஆவணத்தின் இடையிடையே, புள்ளியோடு தொடங்கும் தனிவரிகளில், ‘நடுவில் இடுக’, ‘புதுப்பக்கம் தொடங்குக’ என்னும் ஏவல்கள் எழுதப்பட்டன. பொறி அவற்றுக்கிணங்கப் பக்கங்களை அமைத்துத் தட்டெழுதிக் கொடுத்தது. இதன் வழித்தோன்றல்களாக 1970களின் முற்பகுதியில், பெல் ஆய்வுகூடத்தில் ஜோ ஒசானா என்பார் ‘நிரோஃப்’, ‘ரிரோஃப்’ என்னும் செய்நிரல்களை ஆக்கினார். புகழ்பெற்ற யுனிக்ஸ் முறைமையின் கைந்நூற் பக்கங்கள் யாவும் இவ்வகையிலேயே எழுதப்பட்டன. ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் கவனித்தல் வேண்டும். அச்சுக்கூடத்தில் ஓரக்குறிகள் பழைய பிரதியோடு கழிந்தொழிந்தன. கணினியிலோ குறிகள் ஆவணத்தோடு சேர்ந்தே சேமிக்கப்பட்டன. தொழிலாளிக்கு இட்ட ஏவல், நூலின் நிலைத்த பகுதியாகிவிட்டது. இடர்ப்பாட்டின் வித்து இங்கே விழுந்தது.

இதனை முன்னுணர்ந்தோர் சிலரும் இருந்தனர். 1967ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், கனடா அரசாங்க அச்சகத்தில் நிகழ்ந்த ஒரு கூட்டத்தில், வில்லியம் ரனிகிளிஃப் என்பார் ஆவணத்தின் பொருளையும் அதன் தோற்றத்தையும் வெவ்வேறாகப் பிரித்துவைத்தல் வேண்டும் என்று எடுத்துரைத்தார். 1969ஆம் ஆண்டில் ஐ.பி.எம். கம்பனியைச் சேர்ந்த சாள்ஸ் கோல்ட்ஃபாப், எட்வேட் மோஷர், றேமண்ட் லோரி ஆகிய மூவரும் சட்ட அலுவலகங்களின் ஆவணங்களை நிருவகிக்கும் முறையொன்றை ஆராய்ந்தபோது இக்கருத்தைச் செயற்படுத்தினர். மூவர் பெயரின் முதலெழுத்துகளையும் கொண்டு அம்மொழிக்கு ‘ஜி.எம்.எல்.’ என்று பெயர் வழங்கலாயிற்று. ‘இதனைத் தடித்த எழுத்தில் இடுக’ என்று ஏவுவதை விடுத்து, ‘இது தலைப்பு’, ‘இது பந்தி’, ‘இது மேற்கோள்’ என்று பெயரிட்டுச் சொல்வதே அதன் நெறி. ஏவல் காலத்தோடு பழையதாகும், பெயர் பழையதாவதில்லை. தலைப்பு எக்காலத்தும் தலைப்பே. இந்நெறி வளர்ந்து 1986ஆம் ஆண்டில் ‘எஸ்.ஜி.எம்.எல்.’ என்னும் சர்வதேச நியமமாக வெளிவந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களமும் தன் படைக்கருவிகளின் தொழினுட்பக் கைந்நூல்களுக்கு அதனை ஏற்றுக்கொண்டது.

உடையைக் கொண்டு உடலை அறியும் பணி எத்துணைக் கடினமானது என்பதை ஒக்ஸ்ஃபோட் ஆங்கில அகராதியின் வரலாறு காட்டும். 1884ஆம் ஆண்டில் முதற்பகுதி வெளிவந்து 1928ஆம் ஆண்டில் நிறைவெய்திய அப்பேரகராதியைக் கணினியேற்றும் திட்டம் 1984ஆம் ஆண்டிலே தொடங்கியது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 120 தட்டெழுத்தாளர் அமர்ந்து 35 கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகளைத் தட்டினர். இங்கிலாந்தில் 55 பேர் அவற்றை ஒப்புநோக்கினர். அகராதியில் தடித்த எழுத்து ஓரிடத்திலே தலைச்சொல்லைக் குறிக்கும். வேறோரிடத்திலே பொருளின் எண்ணைக் குறிக்கும். சாய்வெழுத்து ஓரிடத்தில் நூற்பெயர், ஓரிடத்தில் பிறமொழிச் சொல், ஓரிடத்தில் இலக்கணக் குறிப்பு. இவற்றைக் கண்ணாற் கண்ட மாத்திரத்தில் மனிதன் உணர்ந்துகொள்வான், பொறியோ உணராது. ஆகவே, தோற்றத்தையும் அது நிற்கும் இடத்தையும் சேர்த்து நோக்கி, இஃது இன்னது எனப் பகுத்தறியும் செய்நிரலை கனடாவின் வோட்டர்லூ பல்கலைக்கழகத்தார் ஆக்கினர். 1989ஆம் ஆண்டில் இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகளாக, 21,730 பக்கங்களில் வெளிவந்தது. தோற்றக்குறிகளைப் பொருட்குறிகளாக மாற்றிய பெருமுயற்சிகளுள் இது முதன்மையானது என்று துணிந்து கூறலாம்.

இத்துணைப் பட்டறிவு வாய்த்தபின் உலகம் அப்பிழையை மீண்டும் செய்யாதிருந்திருக்கலாம். வரலாறு அவ்வாறு செல்லவில்லை. சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரை அடுத்த சேர்ண் ஆய்வுகூடத்தில், ரிம் பேணர்ஸ்-லீ 1989ஆம் ஆண்டில் வரைந்த திட்டத்திலிருந்து உலகளாவிய வலை பிறந்தது. அதன் ஆவணங்களுக்கென அவர் வகுத்த ‘எச்.ரி.எம்.எல்.’ என்னும் மொழியிலே தொடக்கத்தில் ஏறத்தாழ 20 குறிகளே இருந்தன. தலைப்பு, பந்தி, பட்டியல், முகவரி என அவை பெரும்பாலும் பெயர்களாகவே அமைந்தன. நிறத்துக்கு அதில் இடமில்லை, எழுத்துருவுக்கும் இடமில்லை. அறிவியலாளர் தம் கட்டுரைகளைப் பகிர்ந்துகொள்வதற்கு அவை வேண்டியனவும் அல்ல.

1993ஆம் ஆண்டில் ‘மொசைக்’ என்னும் உலாவியும், 1994ஆம் ஆண்டில் ‘நெற்ஸ்கேப்’ என்னும் உலாவியும் வெளிவந்ததும் வலை வணிகரின் கைக்கும் பொதுமக்கள் கைக்கும் வந்துசேர்ந்தது. வந்தவர்கள் கேட்டது அழகு. கடைக்குப் பெயர்ப்பலகை எழுதுவோன் நிறம் கேட்பது இயல்பன்றோ? நெற்ஸ்கேப் கம்பனியார் ‘சென்ரர்’ என்னும் நடுவிடுங் குறியையும், எழுத்தின் பருமனை மாற்றும் ‘ஃபொன்ற்’ என்னும் குறியையும், எழுத்தை மின்மினிபோல விட்டுவிட்டு ஒளிரச் செய்யும் ‘பிளிங்க்’ என்னும் குறியையும் வழங்கினர். மைக்ரோசொஃப்ற் கம்பனியார் எழுத்தை ஓடச்செய்யும் ‘மாக்கீ’ என்னும் குறியைக் கொண்டுவந்தனர். நியமம் வகுப்போரிடம் இருவரும் முன்கூட்டி இசைவு பெறவில்லை. மக்கள் இக்குறிகளை ஆவலோடு ஏற்றுக்கொண்டனர். சில ஆண்டுகளுள் வலையின் பக்கங்கள் இவற்றால் நிரம்பிவிட்டன.

மாற்றுவழி அப்போதே முன்மொழியப்பட்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 1994ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், சேர்ண் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய நோர்வே நாட்டவராகிய ஹோக்கொன் வியூம் லீ என்பார் பாணித்தாள் முறையை முன்வைத்தார். ஆவணம் ஓரிடத்தில் இருக்கும். அதன் நிறமும் உருவும் வேறொரு தாளிற் குறிக்கப்படும். ஆயிரம் பக்கங்களுக்கும் அத்தாள் ஒன்றே போதும். அவரும் பேர்ட் பொஸ் என்பாரும் வளர்த்த அம்முறை 1996ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் வலை மன்றத்தின் பரிந்துரையாயிற்று. அடுத்த மாதம் வெளிவந்த எச்.ரி.எம்.எல். மூன்றாவது பதிப்பின் திருத்தமோ, நாட்டில் வழங்குவதை ஏற்பது போல, ‘ஃபொன்ற்’, ‘சென்ரர்’ குறிகளுக்கும் இடமளித்தது. 1997ஆம் ஆண்டு டிசெம்பரில் வந்த நான்காம் பதிப்பு நெறியை நிலைநாட்டியது. அக்குறிகள் ‘தவிர்க்கத்தக்கவை’ என்று அது வகுத்தது. முதற்காலத்துக் குறிகளான ‘லிஸ்ரிங்’, ‘பிளெயின்ரெக்ஸ்ற்’ முதலியன ‘வழக்கொழிந்தவை’ என்னும் வேறொரு வரிசையில் வைக்கப்பட்டன. 2014ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வெளியான ஐந்தாம் பதிப்பு ‘ஃபொன்ற்’, ‘சென்ரர்’, ‘பிக்’, ‘ஸ்ரைக்’, ‘ரி.ரி.’ முதலிய குறிகளை முற்றாக வழக்கொழிந்தவை என அறிவித்தது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். நியமம் விலக்கிய குறிகளை உலாவிகள் இன்றும் பெரும்பாலும் புரிந்துகொள்கின்றன. ‘பிளிங்க்’ போன்ற சில மட்டுமே 2013ஆம் ஆண்டளவில் முற்றாக மறைந்தன. அவ்வாறாயின் பழங்குறிகளைக் களைவதால் வரும் பயன் யாது? பயன் மூவகைப்படும். முதலாவது, கேட்போர்க்கு உரியது. பருமனான எழுத்தினால் மட்டும் தலைப்பாகத் தோன்றும் ஒரு வரி, வாசிப்புக் கருவிக்குத் தலைப்பாகத் தெரிவதில்லை. கட்புலனற்ற ஒருவர் நூறு பக்கக் கைந்நூலில் வேண்டிய பகுதியைத் தேடும்போது, அத்தலைப்புகள் யாவும் அவருக்கு இல்லாதனவே. இரண்டாவது, பேணுவோர்க்கு உரியது. பத்தாயிரம் பக்கங்களிற் சிதறிக்கிடக்கும் நிறக்குறியை மாற்றுவதற்குப் பத்தாயிரம் பக்கங்களையும் திறக்கவேண்டும். மூன்றாவது, எதிர்காலத்துக்கு உரியது. ஆவணத்தை வேறொரு வடிவத்துக்குப் பெயர்க்கும் நாளில், பொருளற்ற குறிகள் பெயர்ப்புப் பொறியின் சக்கரத்திற் கல்லாக விழும்.

களைவதற்கு உதவும் கருவிகளும் தோன்றின. எச்.ரி.எம்.எல். நியமங்களை வகுத்தோருள் ஒருவராகிய டேவ் றகெற் என்பார், 1990களின் பிற்பகுதியில் ‘ரைடி’ என்னும் செய்நிரலை ஆக்கி எவரும் இலவசமாகப் பயன்படுத்துமாறு வெளியிட்டார். குழம்பிக்கிடக்கும் ஆவணத்தை அது ஒழுங்குபடுத்தும். பணித்தால் ‘ஃபொன்ற்’, ‘சென்ரர்’ குறிகளைப் பாணி விதிகளாகவும் மாற்றும். சொல்லைத் தேடிச் சொல்லை மாற்றும் எளிய முறையினும் இது மேலானது. ஏனெனின், குறிகள் ஒன்றனுள் ஒன்றாகப் பொதிந்து கிடப்பவை. திறக்கும் குறியை நீக்கி மூடும் குறியை விட்டுவிட்டால் பக்கம் முழுதும் சீர்குலையும். குறிகளின் பொதிவை மரக்கிளைகள் போலப் பகுத்தறிந்த பின்னரே கைவைத்தல் வேண்டும்.

எனினும், கருவியால் மட்டும் முடியாத பகுதி ஒன்று உண்டு. அதுவே இப்பணியின் உயிர்நிலை. தொழினுட்பக் கைந்நூல்களிற் பெரிதும் பயின்ற ‘ரி.ரி.’ என்னும் குறியை எடுத்துக்கொள்வோம். தொலைத்தட்டச்சு எழுத்துப்போன்ற உருவைத் தருவதே அதன் தொழில். எழுதியவர் அதனை ஓரிடத்தில் நிரற்றொடருக்கும், ஓரிடத்தில் வாசகர் தட்டவேண்டிய விசைக்கும், ஓரிடத்தில் பொறி தரும் விடைக்கும் பயன்படுத்தியிருப்பார். இம்மூன்றுக்கும் ‘கோட்’, ‘கே.பி.டி.’, ‘சாம்ப்’ என்னும் மூன்று வெவ்வேறு பொருட்குறிகள் உள்ளன. எதனை எங்கே இடுவது என்பதைப் பொருளுணர்ந்து வாசிப்போனே தீர்மானிக்க முடியும். நிறமும் அவ்வாறே. பொறியொன்றின் கைந்நூலில் செந்நிற எழுத்து ஓர் எச்சரிக்கையாக இருக்கலாம். நிறக்குறியை வெறும் அலங்காரமென்று கருதி நீக்கிவிட்டால் எச்சரிக்கை ஏனைய வரிகளோடு வரியாகக் கலந்துவிடும். மின்சாரத்தைத் துண்டித்தபின் மூடியைத் திறக்குமாறு கூறும் வரி அவ்வாறு கலந்துவிடின் விளைவு யாதாகும்? மேலும், வெட்டுக்கோடு இட்ட சொல் ‘இப்போது பொருந்தாதது’ என்றும் பொருள்படும். ‘நீக்கப்பட்டது’ என்றும் பொருள்படும். ஐந்தாம் பதிப்பிலே இவ்விரண்டுக்கும் வெவ்வேறு குறிகள் உள்ளன.

யுனிக்ஸ் கைந்நூல்களின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. 1990ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் வளர்ந்த யுனிக்ஸ் கிளைக்கெனச் சிந்தியா லிவிங்ஸ்ரன் என்னும் அம்மையார் ‘எம்டொக்’ என்னும் குறித்தொகுதியை ஆக்கினார். ‘தடித்த எழுத்து’, ‘சாய்ந்த எழுத்து’ என்றிருந்த இடங்களில், ‘இது கட்டளையின் தெரிவு’, ‘இது கோப்பின் பெயர்’, ‘இது சார்பின் பெயர்’ என்று குறிக்க அது வழிசெய்தது. பழைய பக்கங்களை அதற்கு மாற்றும்போது ஒவ்வொரு பக்கமும் மீள வாசிக்கப்படவேண்டியதாயிற்று.

அண்மைக்கால எடுத்துக்காட்டுகள் இரண்டைக் கூறலாம். விக்கிப்பீடியா கலைக்களஞ்சியம் நெடுங்காலம் ரைடியின் துணைகொண்டே தன் பக்கங்களைச் செம்மைசெய்து வந்தது. 2018ஆம் ஆண்டில் ரைடிக்குப் பதிலாகப் புதிய செய்நிரலொன்று புகுத்தப்பட்டது. அதுவரை ரைடி மறைத்துவந்த பிழைகள் அப்போது வெளிப்படுமென்பதை முன்னறிந்து, முந்திய ஆண்டிலேயே குறைகாண் கருவியொன்று நிறுவப்பட்டது. அது காட்டிய பட்டியலில் வழக்கொழிந்த குறிகள் இலட்சக்கணக்கில் நின்றன. அவற்றுட் பெருந்தொகையானவை, உரையாடற் பக்கங்களில் பயனர் தம் ஒப்பத்துக்கு வண்ணந்தீட்ட இட்ட ‘ஃபொன்ற்’ குறிகளே. ஊதியமின்றித் தொண்டர் பலர் அவற்றைத் திருத்திவருகின்றனர். மற்றையது, மொஸில்லா அமைப்பினர் 2005ஆம் ஆண்டு முதற் பேணிவரும் வலைத்தொழினுட்ப ஆவணத் தொகுதி. 2020ஆம் ஆண்டு டிசெம்பரில் அத்தொகுதியின் மூலப்பிரதி புதிய களஞ்சியமொன்றுக்கு மாற்றப்பட்டது. அதன்பின் எளிய குறிமொழி ஒன்றுக்கு அதனைப் பெயர்க்க முற்பட்டபோது, ஆண்டாண்டாகப் பலர் கைகளிற் படிந்த தோற்றக்குறிகளை முதலிற் களையவேண்டியிருந்தது. ‘ஃபொன்ற்’ குறியை உலகுக்களித்த நெற்ஸ்கேப் கம்பனியின் வழிவந்தோரே அதனைத் துடைக்கும் பணியையும் மேற்கொண்டனர் என்பது சிந்திக்கத்தக்கது.

இனி, இவ்வரலாறு தமிழரைத் தொடும் இடத்துக்கு வருவோம். யூனிக்கோட் நியமத்தின் 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தும், அது வீட்டுக் கணினிகளிற் பரவுவதற்கு நெடுங்காலம் சென்றது. இடைக்காலத்தில் ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் எழுத்துருவங்களை அமர்த்திய எழுத்துருக்களே வழங்கின. இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் ‘பாமினி’ பெருவழக்காயிருந்தது. அதிலே ‘தமிழ்’ என்று எழுதினால், கணினியின் நினைவில் பதிவன ‘ஜே’, ‘கே’, ‘பி’, ‘ஓ’ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. அவற்றைத் தமிழாகக் காட்டியது எது? ‘இப்பகுதி பாமினியில்’ என்று உலாவிக்குச் சொன்ன ‘ஃபொன்ற்’ குறியே. பிறநாட்டார் பக்கங்களில் அலங்காரமாக நின்ற குறி, தமிழர் பக்கங்களில் மொழியின் ஒரே சாட்சியாக நின்றது.

அத்தகைய பக்கமொன்றை நியமம் விலக்கியது என்னும் காரணத்தால் எவரேனும் கண்ணை மூடிக்கொண்டு தூய்மை செய்தால் விளைவது யாது? குறி மறையும், அதனோடு தமிழும் மறையும். எஞ்சுவது பொருளற்ற ஆங்கில எழுத்துக்கோவை. ஆங்கிலச் சொற்களும் பாமினித் தமிழும் விரவிய பக்கமாயின் இடர் இன்னும் பெரிது. எது ஆங்கிலம், எது தமிழ் என்று பிரித்தறியும் எல்லைக்கோடு அக்குறிகளே ஆதலின், அவை நீங்கியபின் எழுத்துமாற்றி ஒன்றைச் செலுத்தினால் உண்மையான ஆங்கிலச் சொற்களும் தமிழெழுத்துக் குப்பையாகிவிடும். எனவே முறை தெளிவு. முதலில் மூலப்பிரதியைப் பேணிவைத்தல் வேண்டும். அடுத்து, குறி காட்டும் எல்லைக்குள் மட்டும் எழுத்துகளை யூனிக்கோட்டுக்கு மாற்றுதல் வேண்டும். பின்னர் அப்பகுதி தமிழ்மொழி என்று மொழிக்குறி இடுதல் வேண்டும். இறுதியிலேயே பழங்குறியை நீக்குதல் வேண்டும். வரிசை பிறழின் பயனும் பிறழும். 1998ஆம் ஆண்டில் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களை முன்னைய தமிழ்க் குறியேற்றங்களிலிருந்து யூனிக்கோட்டுக்குப் பெயர்த்தமையால், அவை இன்று எக்கருவியிலும் வாசிக்கத்தக்கனவாய் விளங்குகின்றன. அவ்வாறு பெயர்க்கப்படாது கிடக்கும் பக்கங்கள் பல. அவற்றுள் நம்மவர் எழுதிய செய்தியும் கவிதையும் ஊர்வரலாறும் அடங்கும். எழுத்துருவும் போய், குறியும் போயின், அவற்றைத் தமிழென்று அடையாளங் காண்பதே அரிதாகும்.

இவ்வரலாற்றின் வாயிலாக நாம் பெறும் பாடம் யாது? பழங்குறியைப் போற்றிவைக்க வேண்டும் என்பதன்று. அது நீங்கவே வேண்டும். எனினும், அது ஏன் இடப்பட்டது என்று கேட்டறியாமல் நீக்குதல் தகாது. ஒரு குறியின் காலம் முடிந்திருக்கலாம். அதை இட்டவரின் கருத்து முடிந்திருப்பதில்லை. எண்ணிக் கணக்கிடுக, வகைப்படுத்துக, ஐயமற்றவற்றைப் பொறியிடம் விடுக, ஐயமுள்ளவற்றை மனிதர் வாசித்து முடிவுசெய்க, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பக்கத்தை ஒப்புநோக்குக. ஆவணத் தூய்மைக்கு இவற்றினும் சிறந்த வழி இதுகாறும் காணப்படவில்லை. கருத்தைப் புதிய பெயரிலே பதித்து வைத்தபின் குறி நீங்குமாயின், அதனால் எவர்க்கும் இழப்பில்லை.